அயல்நாட்டுப் பயணமும் இணையத் தொடர்பும்



அயல்நாட்டிற்கு முதன்முறை செல்லும் இளைஞன் விமானத்தினின்று இறங்கியதும் முதலில் செய்வது யாது? கைப்பேசியை எடுத்து, அதன் உச்சியில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயர் தோன்றுகிறதா என்று பார்க்கின்றான். இதனைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. தங்கப்போகும் விடுதியின் முகவரி அதில் இருக்கிறது. இரயில் சீட்டு அதில் இருக்கிறது. கைச்செலவுப் பணமும் இன்று அதன் வழியாகவே வருகிறது. மகன் நலமாகச் சென்று சேர்ந்தான் என்ற சொல்லுக்காக ஊரில் தாயொருத்தி விழித்திருக்கிறாள். அந்த ஒரு பெயர் தோன்றாவிட்டால், மொழி தெரியாத ஊரில் அவன் செய்வதறியாது நிற்பான். ஆகவே, அயல்நாட்டில் இணையத் தொடர்பு எவ்வாறு கிடைக்கிறது, சிற்சில வேளைகளில் ஏன் கிடைப்பதில்லை, கிடைத்தும் சில வேளைகளில் ஏன் கையைச் சுடுகிறது என்பவற்றை இன்று காண்போம்.

நீங்கள் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் இறங்கியதாகக் கொள்வோம். அங்கே நிற்கும் கைப்பேசிக் கோபுரம் அந்நாட்டு நிறுவனம் ஒன்றன் உடைமை. அந்நிறுவனத்திற்கு நீங்கள் முன்பின் அறியாதவர். ஒரு காசும் செலுத்தாதவர். அவ்வாறிருக்க, அஃது உங்களுக்கு ஏன் இடங்கொடுக்கவேண்டும்?

செட்டிநாட்டு வணிகர்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை வைத்து நடத்திய காலத்தில் உண்டியல் சீட்டு என்ற ஒரு முறை வழங்கிற்று. ஓரூர்க் கடையில் பணத்தைக் கட்டிச் சீட்டுப் பெற்றவர், கடல் கடந்து இரங்கூனில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெற்றுக்கொள்வார். இரங்கூன் கடைக்காரருக்குச் சீட்டைக் கொண்டுவந்த மனிதரைத் தெரியவேண்டுவதில்லை. சீட்டை எழுதிய கடையைத் தெரிந்தால் போதும். கடைகள் இரண்டும் பின்னர்த் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். கைப்பேசி உலகில் ரோமிங் என்று வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. உங்கள் ஊர் நிறுவனம் உங்களுக்காகச் சான்று சொல்கிறது. அயல்நாட்டு நிறுவனம் அச்சான்றை நம்பிச் சேவை செய்கிறது. கணக்கைப் பின்னர்த் தமக்குள் தீர்த்துக்கொள்கின்றன.

அச்சான்று எவ்வாறு சொல்லப்படுகிறது என்பது அறிவியல் மாணவர்கள் சுவைத்து அறியத்தக்கது. நகத்தளவே உள்ள சிம் அட்டையில் இரண்டு பொருள்கள் முதன்மையானவை. ஒன்று, உலகில் வேறெந்த அட்டைக்கும் இல்லாத ஓர் எண். பெரும்பாலும் அது 15 இலக்கங்கள் கொண்டது. நீங்கள் நண்பர்களுக்குச் சொல்லும் தொலைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவிற்கு 404, 405 என்பனவும், ஜெர்மனிக்கு 262 என்பதும் உரியவை. மற்றொன்று, மறைச்சாவி எனத்தக்க ஒரு பெரிய எண். அதன் ஒரு படி அட்டையினுள்ளும், மற்றொரு படி அட்டையை வழங்கிய நிறுவனத்தின் கணிப்பொறியிலும் இருக்கும். மூன்றாவது படி எங்கும் இல்லை. அட்டைக்கு உரிய நீங்களும் அதனைப் பார்க்க இயலாது.

பிராங்க்பர்ட் கோபுரம் உங்கள் அட்டையின் எண்ணைப் பெறுகிறது. இந்தியாவிற்குரிய எண் எனக் கண்டு, இந்தியாவிலுள்ள நிறுவனத்தைக் கேட்கிறது. இங்குள்ள கணிப்பொறி தனக்குத் தோன்றிய ஓர் எண்ணை எடுத்து, அதனை மறைச்சாவியுடன் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு விடையை வருவிக்கிறது. பிறகு கேள்வியையும் விடையையும் மட்டும் பிராங்க்பர்ட்டிற்கு அனுப்புகிறது, சாவியை அனுப்புவதில்லை. பிராங்க்பர்ட் நிறுவனம் அக்கேள்வியை உங்கள் கைப்பேசியிடம் கேட்கிறது. அட்டை தன்னிடமுள்ள சாவியைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்கிறது. இரு விடைகளும் ஒத்திருந்தால் கதவு திறக்கிறது. சீதையிடம் அனுமன் காட்டிய கணையாழியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கணையாழி கைமாறிற்று. இங்கே கணையாழியைக் காட்டாமலே, அது தன்னிடம் உண்டென்று மெய்ப்பித்துவிடுகிறார்கள். இத்தனையும் நீங்கள் பெட்டிக்காகக் காத்து நிற்கும் சில நொடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன.

இம்முறை ஐரோப்பாவில் தோன்றியது. 1987-ஆம் ஆண்டு 13 நாடுகளின் தொலைபேசித் துறையினர் கோபன்ஹேகனில் கூடி, ஒரே வகையான கைப்பேசி முறையை அமைக்க உடன்பட்டனர். ஜி.எஸ்.எம். எனப்படும் அம்முறையில் முதல் பேச்சு 1991 ஜூலை முதல் நாள் பின்லாந்தில் நடந்தது. அந்நாட்டு முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி பேசினார். மறு ஆண்டே, 1992-இல், பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டன் நிறுவனம் ஒன்றும் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் ஏற்கும் முதல் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. சிறு நாடுகள் நெருங்கிக் கிடக்கும் நிலப்பகுதியில் இத்தேவை முதலில் எழுந்தது வியப்பன்று. காலையில் ஒரு நாட்டிலும் மாலையில் மறு நாட்டிலும் இருப்பவர்கள் அங்கே பலர்.

நிற்க. சான்று கிடைத்துவிட்டது, இணையமும் வந்துவிட்டது. ஆனால், பிராங்க்பர்ட்டில் இந்திய அட்டையுடன் இருக்கும் நீங்கள் பெர்லின் நகர நாளிதழ் ஒன்றைத் திறந்தால், உங்கள் வேண்டுகோள் நேரே பெர்லினுக்குப் போவதாக எண்ணுகிறீர்கள் அல்லவா? பெரும்பாலும் அவ்வாறு நடப்பதில்லை. அது முதலில் இந்தியாவிலுள்ள உங்கள் நிறுவனத்திற்கு வந்து, இங்கிருந்து பெர்லினுக்குச் சென்று, விடையைப் பெற்று, மீண்டும் இந்தியா வந்து, பிறகே பிராங்க்பர்ட்டை அடைகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். கடலடிக் கம்பிகளின் சுற்றுவழியைச் சேர்த்து, ஒரு முறை செல்லும் தொலைவை 10,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். நான்கு முறை கடக்க 40,000 கிலோமீட்டர். ஆகவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இது சிறிது காலமே. ஆயினும் ஒரு பக்கத்தை முழுதும் திறக்க இத்தகைய பல போக்குவரவுகள் வேண்டும். ரோமிங்கில் இணையம் நடைதளர்ந்து வருவதற்கு இஃது ஒரு காரணம்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. உலகிலுள்ள இணையதளங்களுக்கு நீங்கள் இந்தியாவிலேயே இருப்பதாகத் தோன்றும். சீனாவிற்குச் செல்பவர்கள் இதனை நேரில் காணலாம். அந்நாட்டு விடுதியின் வைஃபையில் கூகுளும் வாட்ஸாப்பும் தடுக்கப்பட்டிருக்கும். தம் நாட்டு அட்டையின் ரோமிங்கிலோ அவை பெரும்பாலும் திறக்கும்.

கட்டணத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசவேண்டுவதில்லை. எந்த நிறுவனத்திலும் முன்கூட்டியே நாட்கணக்கில் வாங்கும் ரோமிங் திட்டம் ஒன்று உண்டு. அதனை வாங்காமல் இணையத்தைத் திறந்துவைப்பதே பெருஞ்செலவிற்கு வழி. கைப்பேசி நம் கட்டளைக்குக் காத்திராமல் தானே படங்களை அனுப்பும், செயலிகளைப் புதுப்பிக்கும். கப்பலிலும் விமானத்திலும் இன்னும் கவனம் வேண்டும். அங்கே துணைக்கோள் வழியாக இயங்கும் தனி வலை ஒன்று கைப்பேசியைப் பற்றிக்கொள்ளும். அதன் கட்டணம் தரையிலுள்ளதைப் பன்மடங்கு மிஞ்சும்.

ஐரோப்பிய ஒன்றியம் இத்துறையில் செய்ததைச் சொல்லாமல் விடுவது முறையன்று. எல்லையைக் கடந்தவுடன் கட்டணம் ஏறுவது ஒரே சந்தை என்ற கொள்கைக்கு மாறானது என்று கண்டு, 2007-இல் பேச்சுக் கட்டணத்திற்கு உச்சவரம்பு விதித்தார்கள். படிப்படியாகக் குறைத்து, 2017 ஜூன் 15 முதல் கூடுதல் கட்டணத்தையே நீக்கினார்கள். 2022-இல் இவ்விதியை 2032 வரை நீட்டினார்கள். ஆகவே, இன்று பிராங்க்பர்ட்டில் ஓர் அட்டை வாங்கும் மாணவர் பாரிசிலும் ரோமிலும் தம் திட்டத்திற்குரிய நியாயமான அளவிற்குள் அதனையே பயன்படுத்தலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இச்சலுகை அப்பகுதி நிறுவனங்களின் அட்டைகளுக்கே உரியது. இந்திய அட்டைக்கு இல்லை. மேலும், நிலப்படத்தில் நடுவே கிடக்கும் சுவிட்சர்லாந்து அவ்வொன்றியத்தைச் சேர்ந்ததன்று. மிலானிலிருந்து மலைகளைக் குடைந்து வடக்கே செல்லும் இரயிலில் அமர்ந்திருப்பவர் அழகிய ஏரிகளைக் கண்டு களித்திருக்கும்போதே, அவர் கைப்பேசி சுவிஸ் வலைக்கு மாறிவிடும். அந்நாட்டைத் தம் திட்டத்தில் சேர்த்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு, சேர்க்காதனவும் உண்டு. திட்டத்தைப் படித்துப் பார்த்தவர் ஏரியை மன அமைதியுடன் பார்க்கலாம்.

நெடுநாள் தங்குபவர்களுக்கு அந்நாட்டு அட்டையே சிக்கனம். ஜெர்மனி போன்ற நாடுகளில் அட்டை வாங்கப் பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளம் மெய்ப்பிக்கவேண்டும். இப்பொழுது இ-சிம் என்ற ஒன்றும் வந்திருக்கிறது. தகடு ஏதுமின்றி, அட்டையிலுள்ள செய்தி மட்டும் இணைய வழியாகக் கைப்பேசிக்குள் இறங்கும். ஊரிலிருந்தே வாங்கி ஏற்றிக்கொண்டு புறப்படலாம். பயணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்களிற் பலவற்றில் இணையம் மட்டுமே உண்டு. பேச எண் இராது. அதனையும் கேட்டு வாங்கவேண்டும்.

இங்கேதான் மாணவர் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். என்னிடம் பள்ளியில் பயின்ற ஒருவர் மேற்படிப்பிற்காக ஐரோப்பா சென்றார். சென்றவுடன் அந்நாட்டு அட்டையை வாங்கிக்கொண்டு, இந்திய அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் இட்டார். மாதங்கள் கழிந்தன. அதற்கு ரீசார்ஜ் செய்வார் இல்லை. நெடுநாள் வழக்கற்றுக் கிடந்த எண்ணைத் தொலைபேசி நிறுவனம் எடுத்துக்கொண்டு, முறைப்படி வேறொருவருக்கு வழங்கிவிட்டது. கல்விக் கட்டணத்தின் இரண்டாம் தவணைக்குரிய நாள் வந்தது. ஊர் வங்கியில் பணம் இருந்தது. ஆனால் அதனை அனுப்புவதற்குரிய ஓ.டி.பி. எண், அவர் முகமறியாத யாரோ ஒருவருடைய கைப்பேசிக்குப் போயிற்று! எண்ணை மாற்றித் தருமாறு வங்கியை வேண்டினார். கிளைக்கு நேரில் வருமாறு விடை வந்தது. நேரில் வருவதற்கு ஆகும் விமானச் செலவு, அவர் கட்டவேண்டிய தவணைக்கு ஏறக்குறைய ஒப்பாக இருந்தது. முடிவில், அவருடைய தந்தையார் அறுவடைக்கு முன்பே வெளியில் கடன் வாங்கித் தவணையைக் கட்டினார். கிராமத்தில் அறுவடைக்கு முன் வாங்கும் கடனுக்கு வட்டி என்ன என்பதை உங்களிற் சிலர் அறிவீர்கள்.

இத்தனைக்கும் அவர் படிப்பில் கெட்டிக்காரர். இணையம் வேண்டும் என்பதை நினைத்தார். தம்மை இன்னார் என்று சொல்லும் எண் எது என்பதை நினைக்கவில்லை. இன்று நம் நாட்டில் வங்கி, ஆதார், வருமானவரி ஆகிய யாவும் ஒரு கைப்பேசி எண்ணைக் கொண்டே நம்மை அறிகின்றன. ஆகவே, இரண்டு அட்டைகள் கொள்ளும் கைப்பேசியில் இந்திய அட்டையை ஒன்றாகவும், அயல்நாட்டு அட்டையை மற்றொன்றாகவும் வைத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு. இந்திய அட்டையில் ரோமிங் அனுமதியைப் புறப்படுமுன்பே பெற்று, அதன் இணையத்தை மட்டும் அடைத்துவிட்டால், குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருக்கும். வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. எண் உயிரோடிருக்கத் தேவையான சிறு தொகையை உரிய காலத்தில் செலுத்திவருமாறு வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லவேண்டும். வாட்ஸாப் பழைய எண்ணிலேயே தொடரும். இணையம் எந்த அட்டை வழியாக வந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பழைய கைப்பேசியை எடுத்துச் செல்பவர்கள் மற்றொன்றையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இலும், சிங்கப்பூர் நிறுவனங்கள் 2024-இலும் மூன்றாம் தலைமுறை வலையை மூடிவிட்டன. நான்காம் தலைமுறை வலையிலேயே பேசும் வசதியில்லாத கருவி அந்நாடுகளில் பேச்சுக்கு உதவாது.

இனி, மாணவர்களாகிய உங்களுக்கென்றே அமைந்த ஒன்றைச் சொல்கிறேன். அதன் பெயர் எடுரோம். நெதர்லாந்து நாட்டுக் கல்வி வலையமைப்பாகிய சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா என்பவர் 2002-இல் ஓர் எண்ணத்தை வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் மற்றொரு பல்கலைக்கழகத்திற்குச் சென்றால், அங்கே புதிதாகக் கணக்கும் கடவுச்சொல்லும் பெறாமல், தம் கல்லூரிக் கடவுச்சொல்லைக் கொண்டே வைஃபையில் சேர இயலாதா என்பதே அது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் நிறுவனங்களில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று அது 100-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது. இந்தியாவில் எர்நெட் இந்தியா நிறுவனம் இதனை நடத்துகிறது.

அது நடைபெறும் விதம், முன்பு சொன்ன சிம் அட்டையின் கதைக்கு உடன்பிறப்பு. சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவர் லிஸ்பன் பல்கலைக்கழகத்து நூலகத்தில் கணிப்பொறியைத் திறக்கிறார். அவருடைய பயனர் பெயரின் பின்பகுதி அவர் கல்லூரியைக் குறிக்கிறது. லிஸ்பன் பல்கலைக்கழகம் அதனைக் கண்டு, தன் நாட்டுத் தலைமைக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அஃது உலக அளவிலுள்ள கணிப்பொறிக்கும், அஃது இந்தியாவிற்கும், இந்தியா சென்னைக் கல்லூரிக்கும் அனுப்புகின்றன. கடவுச்சொல் பூட்டிய உறைக்குள் கிடப்பதுபோல் மறைமொழியில் செல்கிறது. வழியிலுள்ளோர் உறையைக் கைமாற்றலாம், திறக்க இயலாது. கல்லூரி உறையைப் பிரித்துப் பார்த்து, ‘ஆம், எம் மாணவரே’ என்று ஒரு சொல் சொல்கிறது. லிஸ்பன் நூலகம் இடங்கொடுக்கிறது. காசு கேட்பதில்லை. தன் மாணவர்கள் நாளை சென்னைக்கு வந்தால் அவர்களுக்கும் இவ்வாறே நடக்கும் என்பதே அதற்குரிய விலை. இணையத்தைப் பற்றிய செய்திகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு, ஒரு கல்லூரியின் சொல்லைக் கடல் கடந்த மற்றொரு கல்லூரி ஐயுறாமல் ஏற்பதைக் காண்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தானே செய்யும்?

உங்கள் கல்லூரி இதில் சேர்ந்திருக்கிறதா என்று கணிப்பொறிப் பிரிவில் கேளுங்கள். சேர்ந்திருந்தால், அவர்கள் தரும் அமைப்புக் கோப்பைக் கொண்டு ஊரிலேயே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். எடுரோம் என்று பெயர் சூட்டிக்கொண்டு கடவுச்சொல்லைக் கவரும் போலி வலையை எவரும் விரிக்கலாம். முறையாக அமைத்த கருவியோ, எதிரே நிற்பது தன் கல்லூரிதானா என்று முதலில் சரிபார்த்த பின்னரே வாய் திறக்கும்.

இரயில் நிலையங்களிலும் உணவுக்கடைகளிலும் கிடைக்கும் பொது வைஃபையைப் பற்றி அஞ்ச வேண்டிய அளவு முன்பு மிகுதி. இப்பொழுது இணையதளங்களிற் பெரும்பாலானவை மறைமொழியிலேயே பேசுவதால் அது குறைந்திருக்கிறது. ஆயினும், பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று கைப்பேசி எச்சரித்தால், அதனைத் தள்ளிவிட்டு மேற்செல்லல் ஆகாது. வங்கி வேலையைப் பொது வைஃபையில் செய்யாமலிருப்பதே நன்று. சில இடங்களில் குறுஞ்செய்தி வழியாக எண் அனுப்பிய பின்னரே வைஃபை திறப்பார்கள். நம் நாட்டு விமான நிலையங்களுக்கு வரும் வெளிநாட்டார் பலர் இதனால் திண்டாடுகின்றனர். அவர்களுக்கு நம்மவர் எவரேனும் வழிகாட்டினால் நல்லது.

இணையமே இல்லாத வேளைக்கும் சில ஏற்பாடுகள் வேண்டும். ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டும் முறைக்கு இணையம் தேவையில்லை என்பதைப் பலர் அறியார். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கைப்பேசி வாங்கிக் கணக்கிடுகிறது. தான் எதனையும் திருப்பி அனுப்புவதில்லை. இணையத்தின் துணையின்றி முதல் முறை இடத்தைக் காணச் சிறிது நேரம் ஆகலாம், அவ்வளவே. தேவைப்படுவது நிலப்படம். செல்லும் நகரத்தின் நிலப்படத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சிம் அட்டையே இல்லாத கருவியும் தெருவைக் காட்டும். மொழிபெயர்ப்புச் செயலியிலும் அந்நாட்டு மொழியை இவ்வாறே இறக்கி வைக்கலாம். விசா, விமானச் சீட்டு, சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றின் படங்களும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கட்டும்.

மின்சாரம் தீர்ந்த கைப்பேசிக்கு இவை எவையும் பொருந்தா. ஆகவே ஒரு தாளில் மூன்றை எழுதி, பாஸ்போர்ட் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுத் தொலைபேசி எண், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண், தங்குமிடத்தின் முகவரி. முகவரியை அந்நாட்டு எழுத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். ஜப்பானிலோ கொரியாவிலோ நள்ளிரவில் இறங்கும்போது, வாடகைக் கார் ஓட்டுநரிடம் ஒன்றும் பேசாமல் அத்தாளை நீட்டினால் போதும்.